அருள்வாக்கும் சொந்த வாக்கும்

    

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நானும் அதைப் பற்றியே பேச வந்துள்ளேன். ஆயினும் பள்ளிக்கூடத்தில் தொடங்காமல் அம்மன் கோயில் திடலில் தொடங்குகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது ஆடித் திருவிழாவில் என் அத்தைக்கு அருள் வரும். பம்பையும் உடுக்கையும் முழங்க, வேப்பிலையை ஏந்தி அவர் ஆடுவார். ஆண்டு முழுவதும் அவரை ஏவிய ஆடவர்கள் அன்று கைகட்டி நின்று, “தாயே, வாக்குச் சொல்” என்று கேட்பார்கள். எந்த வீட்டில் மருமகள் அடிபடுகிறாள், எந்தக் கிழவி பசியோடு கிடக்கிறாள் என்பதையெல்லாம் அவர் அஞ்சாமல் எடுத்துரைப்பார். கற்பூரம் அணைந்து திருநீறு பூசியதும் எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் தெருப் பஞ்சாயத்துக் கூடும்போது அவருக்கு அங்கே இடமில்லை. நேற்றுத் தெய்வத்தின் வாயாக இருந்தவர் இன்று வாய் திறக்கலாகாது! இது ஏன் என்ற வினா அன்றே என் உள்ளத்தில் விழுந்தது.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் சாலினி என்னும் மறக்குடிப் பெண் வருகிறாள். கொற்றவை அவள்மேல் ஏறுகிறாள். வேட்டுவர் கடன் செலுத்தத் தவறியதை அவள் இடித்துரைக்கிறாள். மன்றமே கேட்டு நடக்கிறது. ஆனால் கேட்கப்பட்டது தெய்வத்தின் சொல், சாலினியின் சொல்லன்று.

நம் நாட்டில் மட்டுமே இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். கடல் கடந்த அமெரிக்காவின் வரலாறு ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன். அங்கே பெண்கள் ஆடவர் நிறைந்த பொது அவையில் பேசுவது பெருங்குற்றமாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கிரிம்கே சகோதரிகள் அடிமை முறையை எதிர்த்து மேடையேறியபோது, 1837இல் மாசசூசெட்ஸ் மாநிலப் பாதிரிமார்கள் அதனைக் கண்டித்துச் சுற்றறிக்கை விடுத்தனர். 1840இல் இலண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டிலேயே பெண் பேராளர்களுக்கு இருக்கை மறுக்கப்பட்டது. அடிமையின் விலங்கை உடைக்கக் கூடியவர்கள் பெண்ணின் வாயைப் பூட்டினார்கள்!

அந்நிலையில் 1848 மார்ச்சு மாதத்தில், நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில், மார்கரெட், கேட் என்ற பாக்ஸ் குடும்பத்துச் சிறுமியர் இருவர், இறந்தவரின் ஆவி தங்களோடு தட்டொலியால் பேசுவதாகக் கூறினர். அதிலிருந்து ஆவியுலக இயக்கம் நாடெங்கும் பரவிற்று. ஆவிகளுக்கும் மனிதருக்கும் இடையே நின்று பேசுவோரை ‘மீடியம்’ என்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பெண் மென்மையானவள், பணிவுடையவள், தனக்கென விருப்பம் இல்லாதவள், ஆகவே வெற்றுப் பாத்திரம் நீரை ஏற்பதுபோல் அவள் ஆவியை ஏற்கிறாள் என்று அதற்குக் காரணமும் கூறினர்.

நண்பர்களே, இதன் வியப்பைக் காணுங்கள். எந்தக் குணங்களைக் காட்டி அவளை மேடையிலிருந்து இறக்கினார்களோ, அதே குணங்களைக் காட்டியே அவளை மேடையில் ஏற்றினார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து, மூட்டு நோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த அக்சா ஸ்ப்ரேக், ஆவிகளின் அருளால் எழுந்ததாகக் கூறி ஊர் ஊராகச் சென்று பேசினார். அடிமை ஒழிப்பையும் பெண்ணுரிமையையும் பேசினார். சிறைக் கைதிகளுக்காகப் பரிந்து பேசினார். தாமாகப் பேசியிருந்தால் கல்லெறி கிடைத்திருக்கும். ஆவி பேசுகிறது என்றதும் அவை அமைதியாகக் கேட்டது.

ஆவி வந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் நான் நெடுநேரம் புகவில்லை. அத்தட்டொலி தன் கால்விரல் மூட்டுகளால் எழுப்பியதே என்று மார்கரெட் 1888இல் பொதுமேடையிலேயே ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு அதனை மறுத்தும் கூறினார். நமக்கு வேண்டுவது வேறு. பெண்ணின் சொல் கேட்கப்பட வேண்டுமானால் அது அவளுடைய சொல்லாக இருக்கக்கூடாது என்று ஒரு சமுதாயம் விதித்திருந்ததே, அதுதான் நாம் காண வேண்டிய உண்மை. அவ்விதியின் இடுக்கு வழியே நுழைந்த பெண்களின் அறிவு போற்றத்தக்கது. ஆயினும் இடுக்கு வழி வாயில் ஆகிவிடாது.

வாயிலைத் திறக்கும் முயற்சியும் அதே 1848இல் நடந்தது. ஜூலை மாதம் செனகா பால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூடிற்று. அதன் உரிமைச் சாசனத்தில் 68 பெண்களும் 32 ஆடவரும் கையொப்பமிட்டனர். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அங்கே எழுந்து வாதாடினார். பாக்ஸ் சிறுமியரை ஆதரித்த ஏமி போஸ்ட் அம்மையாரும் அச்சாசனத்தில் ஒப்பமிட்டவரே. மயக்க நிலையில் பேசப் பழகிய பெண்கள் காலப்போக்கில் விழித்த நிலையிலும் பேசினர். 1871இல் விக்டோரியா உட்ஹல் என்னும் மீடியம், பாராளுமன்றக் குழுவின் முன் தம் சொந்தப் பெயரிலேயே வாக்குரிமை கேட்டார். 1920இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்திற்குப் பின்னும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் 1965 வரை போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அக்கறுப்பினத்தில் பிறந்த ஒரு தாயின் கதையே நமக்கு மிக நெருக்கமானது. ரெபெக்கா காக்ஸ் ஜாக்சன் 1795இல் பிறந்தவர். பிலடெல்பியா நகரில் தையல் வேலை செய்து வாழ்ந்தவர். உள்ளொளிக் காட்சிகள் கண்டு, அவற்றின் வழியே நடந்தவர். படிப்பறியாத அவர், போதகராக இருந்த தம் அண்ணனிடம் எழுத்துக் கற்பிக்குமாறு வேண்டினார். அண்ணனுக்கோ நேரமில்லை. தங்கைக்காகக் கடிதம் எழுதும்போதும் அவர் சொன்னதை எழுதாமல், தம் சொற்களைச் சேர்த்து எழுதினார். ‘நான் சொல்வதை எழுதினால் போதும்’ என்ற பொருள்படத் தங்கை கடிந்துரைத்தார். பின்னர் ஒருநாள், கற்றுக்கொள்வாய் என்று உள்ளத்தில் ஒரு குரல் எழவே, விவிலியத்தைத் திறந்து படித்ததாக அவரே எழுதியுள்ளார். கடவுளைத் தந்தையென்றும் தாயென்றும் கொண்டாடிய ஷேக்கர் சமயத்தாரோடு 1847இல் சேர்ந்தார். தம் மக்களுக்கு அவர்கள் போதிய தொண்டு செய்யவில்லை என்று கண்டபோது அவர்களை விட்டும் நீங்கினார். பின்னர் அவர்களது இசைவோடு பிலடெல்பியாவில் கறுப்பினப் பெண்கள் மிகுந்த ஒரு சமயக் குடும்பத்தை நிறுவித் தாமே தலைமை தாங்கினார். 1871இல் மறைந்த அவருடைய எழுத்துகள் 1981இல் நூலாக வெளிவந்தன. நூறாண்டு கடந்தும் அவை அவருடைய சொற்களாகவே நிற்கின்றன. ஏனெனில் அவர் தம் கையாலேயே எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, என் அத்தைக்காக வீட்டுமனைப் பட்டா கேட்டு ஒரு மனு எழுதினேன். அவர் சொன்னது நான்கு வரி. நான் எழுதியது இரண்டு பக்கம். ஏழை, அபலை, கருணைக்காகக் காத்திருப்பவள் என்றெல்லாம் அடுக்கினேன். படித்துக் காட்டியபோது அத்தை, “இதையெல்லாம் நான் சொல்லலையே. நாற்பது வருசமா அங்கே குடியிருக்கேன், அது என் இடம்னுதானே சொன்னேன்” என்றார். உரிமையை அவர் சொன்னார். பிச்சையாக நான் எழுதினேன். படித்தவன் நான்!

1942 ஜூலையில் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு கூடியபோது, ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தால் அளக்க வேண்டும் என்றார் அண்ணல் அம்பேத்கர். அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சுலோசனாபாய் டோங்ரே என்னும் பெண்மணி. நம் தமிழகத்தில் அன்னை மீனாம்பாள் சிவராஜ் மேடைதோறும் முழங்கினார். இவர்கள் எவரும் சாமி வந்து பேசவில்லை. தம் பெயரில், தம் அறிவில் பேசினர்.

ஆகவே இளைஞர்களே, உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். பெண்மைக்கு உரியவை என்று கூறப்படும் பரிவும், பிறர் துயரை ஏற்கும் உள்ளமும் இழிந்தவை அல்ல. அவற்றைப் பெண்களின் தலையில் மட்டும் சுமத்தாமல் நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் வீட்டுத் தாய்மாருக்கும் தங்கையருக்கும் மனு எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், எழுதக் கற்றுக்கொடுங்கள். இச்சங்கத்தின் இரவுப் பள்ளியில் முதல் வரிசைப் பலகை அவர்களுக்காகக் காத்திருக்கட்டும்.

என் அத்தை இறுதிவரை கைநாட்டுத்தான் வைத்தார். அருள் வந்தபோது கேட்ட ஊர், அருள் வராத நாளிலும் அவரைக் கேட்டிருக்க வேண்டும். அக்குறை இனி வரும் அத்தைமார்களுக்கு நேரக்கூடாது.