சின்னப் படமும் பெரிய இடத்துக் கோபமும்

(விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு படிப்பகத்தில், மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

பத்திரிகையைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் பார்ப்பது எதை? தலையங்கத்தையா? ஒளிக்காமல் சொல்வோமே, படத்தைத்தான் பார்க்கிறோம். முதல் ஷிப்டுக்குப் போகிறவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையில் கிளாசும் மறுகையில் பிரித்த தாளுமாகத் தேடுவது 'தினத்தந்தி'யின் கன்னித்தீவைத்தான். 1960ல் தொடங்கிய படக்கதை அது. மந்திரவாதி மூசா இளவரசி லைலாவைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கிவிட்டான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரச் சிந்துபாத் அலைகிறான். தாத்தா படித்த கதையைப் பேரனும் படித்தான். கதை முடிந்தபாடில்லை. போனஸ் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனால், "கன்னித்தீவாட்டம் போகுதுவே" என்று நாம் சொல்லவில்லையா?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயலிலும் மில்லிலும் பாடுபடும் நம் ஆட்களில் பலர் படக்கதைக்குக் கீழே உள்ள இரண்டு வரியைப் படித்துத்தான் எழுத்துக் கூட்டிப் பழகினார்கள். நாமும் அப்படித்தான். படங்களைக் கத்தரித்துச் சோற்றுப்பருக்கையால் நோட்டில் ஒட்டி வைத்தோம். அந்த நோட்டு தடிக்கத் தடிக்க, ஒரு சங்கதி விளங்கியது. சிந்துபாத் படம் நம்மை வேறொரு தீவுக்குக் கூட்டிப் போகிறது. கேலிச்சித்திரமோ நம்மைத் திரும்பவும் நம் தெருவுக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. சிந்துபாத் படத்தைக் கண்டு எந்த மந்திரிக்கும் கோபம் வந்ததில்லை. கேலிச்சித்திரத்தைக் கண்டு வந்திருக்கிறது. ஏன்?

பிரான்சு நாட்டில் தோமியே என்று ஒரு ஓவியர் இருந்தார். 1831ல் அவர் ஒரு படம் போட்டார். மன்னன் ஒரு ராட்சசன். அவன் வாயிலிருந்து தரை வரைக்கும் ஒரு பலகை. ஏழைகள் தங்கள் காசைக் கூடை கூடையாகச் சுமந்து ஏறி அவன் வாயில் கொட்டுகிறார்கள். வரிக்கொடுமையைப் பற்றி நூறு பக்கம் எழுதினால் படித்தவன்தான் படிப்பான். இந்தப் படம் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிந்தது. மறு வருஷம் தோமியேக்கு ஆறு மாதச் சிறை!

தமிழில் இந்த ஆயுதத்தை எடுத்தவர் நம் சீமைக்காரர், எட்டயபுரத்துப் பாரதி. 1906ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு வந்தார். 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் பாபநாசம் மில்லை நடத்திய அதே ஹார்வி கம்பெனியின் மில் அது. தொழிலாளர்கள் வென்றார்கள். மார்ச் 12ந் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அந்த வருஷமே 'இந்தியா'வின் மீதும் அடக்குமுறை பாய்ந்தது. பத்திரிகை புதுச்சேரிக்குப் போயிற்று.

வெள்ளைக்காரன் போய்விட்டான், கோபம் போகவில்லை. 1987ல் 'ஆனந்த விகடன்' அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து ஒரு சிரிப்புப் படம் வந்தது. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அப்போது சபாநாயகர், சேரன்மகாதேவித் தொகுதியிலிருந்து சென்ற பி.எச். பாண்டியன். எதிர்ப்புக் கிளம்பவே சில நாளில் விடுதலை செய்தார்கள். பின்னால் ஐகோர்ட், அந்தக் கைது செல்லாது என்று கூறி, ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பலனில்லை என்று, ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு பச்சிளம் பெண்குழந்தைகளோடும் அங்கேயே தீக்குளித்தார். நால்வரும் மாண்டார்கள். கந்துவட்டித் தடைச்சட்டம் 2003லேயே வந்தாயிற்று. சட்டம் காகிதத்தில் இருந்தது. மனு கன்னித்தீவாக நீண்டது. வட்டிக்காரன் அந்த மனிதரை லைலாவைப்போலச் சுருக்கியே விட்டான். மீட்க ஒரு சிந்துபாத்தும் வரவில்லை.

கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்தார். எரிந்து கிடக்கும் ஒரு குழந்தை. அதன் எதிரே முதலமைச்சரும் கலெக்டரும் போலீஸ் கமிஷனரும் ஆடையின்றி, ரூபாய் நோட்டால் மானத்தை மறைத்து நிற்கிறார்கள். நவம்பர் 5ந் தேதி சென்னையில் அவரைக் கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. வழக்கு மட்டும் வருஷக்கணக்கில் தொங்கி, 2022ல் ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரத்தாயிற்று.

"படம் ஆபாசம்" என்றார்கள். நம்மிலும் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கலாம், அதற்கு உரிமை உண்டு. ஆனால், தோழர்களே, ஒன்றைக் கேட்போம். வரைந்த மேனி ஆபாசமா, எரிந்த மேனி ஆபாசமா? மனுவுக்கு வராத வேகம் படத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

2025 பிப்ரவரியிலும் பார்த்தோம். அமெரிக்கா நம்மவர்களை விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பியபோது, டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் படம் போட்டது. அதன் இணையதளமே முடக்கப்பட்டது. அந்தப் படத்தை எடுத்துவிடும்படி கூறித்தான், மார்ச் மாதம் ஐகோர்ட் தடையை நீக்க உத்தரவிட்டது.

அதற்காக எல்லாக் கேலிப்படமும் நம் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைநிறுத்தம் செய்பவனைச் சோம்பேறியாகவும், ஏழையை அழுக்கு மூட்டையாகவும், பெண்ணை வெறும் உடம்பாகவும் வரைகிற கைகளும் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் தாளை மடிக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கேலி யார்மேல் விழுகிறது? மிதிப்பவன்மேலா, மிதிபடுபவன்மேலா? படத்தில் வராமல் தப்பிய ஆள் யார்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பாலாவின் படத்தில் அதிகாரிகள் இருந்தார்கள், வட்டிக்காரன் இல்லை. அவனை எந்த ஓவியராலும் தனியாகப் பிடித்துவிட முடியாது. அவன் நம் தெருவில், நம் வாசலில் வந்து நிற்கிறவன். அவன் பெயரைச் சொல்லத் துணிவதும், மனுவோடு போகிறவரைத் தனியே விடாமல் பத்துப் பேராகக் கூடப் போவதும் நம் வேலை.

படம் வரைந்தவர் தம் கடமையைச் செய்தார், விலையும் கொடுத்தார். பார்த்த நாம் என்ன செய்தோம்? அடுத்த திங்கட்கிழமை நம் தெருவிலிருந்து யாராவது மனுவோடு கிளம்பினால், அவர் தனியாகப் பஸ் ஏறக் கூடாது. அதைத்தான் இன்று இந்தக் கூட்டத்தில் முடிவு செய்யவேண்டும், தோழர்களே!