எலிக்காய்ச்சலும் 782 பேரும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயிலே ஓடாத தீவில் ரயில் டிக்கெட் எழுதும் குமாஸ்தா நான். மெட்ரிக்குலேஷனோடு படிப்பு நின்றுவிட்டது. மருந்தைப் பற்றிப் பேச இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ரத்தம் எடுக்கணும், கையெழுத்துப் போடுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தாளை நீட்டினாங்க. எங்களை எலி மாதிரி வச்சுச் சோதிக்கிறாங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்தேன். நம் தீவிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது.

1988 முதல் வடக்கு அந்தமானில், டிக்லிபூர்ப் பக்கம், மழைக்காலத்தை ஒட்டி ஒரு காய்ச்சல் வந்தது. இருமினால் ரத்தம், மூச்சுத் திணறல், சிலருக்கு மரணம். காரணம் தெரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பேர் வைத்தார்கள். 1983-இல் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) தொடங்கிய மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் 1990-களில் ரத்தத்தைச் சோதித்து, இது எலிக்காய்ச்சல் என்று கண்டது. எலி, மாடு ஆகியவற்றின் மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து, காலில் உள்ள புண் வழியாக உடம்பில் ஏறும் கிருமி அது. வேடிக்கை என்னவென்றால், இதே தீவில் இந்த நோய் இருப்பதை டெய்லர், கோயல் என்ற இருவர் 1931-லேயே எழுதி வைத்திருந்தார்கள்!

சரி, தடுக்க மருந்து உண்டா? டாக்சிசைக்ளின் என்ற பழைய மாத்திரை இருந்தது. பனாமா காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வாரம் ஒரு முறை அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரை தின்றவர்களில் 20 பேருக்கு நோய். மருந்து தின்றவர்களில் ஒருவருக்குத்தான். 1984-இல் வெளியான முடிவு இது.

ஆனால் சிப்பாய் பூட்ஸ் போட்டுச் சில வாரம் காட்டில் இருப்பவன். நம் விவசாயி வருஷம் முழுவதும் வெறுங்காலோடு சேற்றில் நிற்பவன். அங்கே பலித்தது இங்கே பலிக்குமா? சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது.

வடக்கு அந்தமானில் 782 பேர் முன்வந்தார்கள். 386 பேருக்கு மருந்து, 396 பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, 12 வாரம். 2000-இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை தின்றவர்களில் 27 பேர் நோயில் விழுந்தார்கள். மருந்து தின்றவர்களில் 12 பேர். நோய் பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் கிருமி உடம்பில் நுழைவது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை மாத்திரை தடுக்கவில்லை.

வெறும் மாத்திரை கொடுத்தது ஏமாற்று அல்லவா என்பீர்கள். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால், நோய் குறைந்தது மருந்தாலா, மழை குறைந்ததாலா என்று எப்படித் தெரியும்? ஆனால் அதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

இது பழைய மருந்தின் கதை. புது மருந்துக்குப் பாதை இன்னும் நீளம்: ஆய்வுக்கூடம், விலங்கு, பிறகு சில பத்துப் பேர், சில நூறு பேர், ஆயிரம் பேர். பத்து வருஷத்துக்கு மேலும் ஆகும். பெரும்பாலானவை வழியிலேயே விழுந்துவிடும்.

ஆகவே, தாயே, பயந்து ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். 2019-ஆம் வருஷத்து மருந்துச் சோதனை விதிகள் நம் பக்கம் இருக்கின்றன. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் கெடுதல் வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. தாளை வாங்கிச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம்.

இன்னொன்று. டாக்டரைக் கேட்காமல் கடையில் இந்த மாத்திரையை வாங்கித் தின்னாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது.

மாத்திரைதான் இருக்கிறதே, பூட்ஸ் எதற்கு என்று எந்தக் கான்டிராக்டராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: கிருமி நுழைவதை மாத்திரை தடுக்கவில்லை. சேற்றில் இறக்குகிறவன் ரப்பர் பூட்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். வரும் மழைக்கு முன் அதைக் கேட்டு வாங்குவோம்.