வைட்டமின் சி காப்பாற்றியதா?

2020 பிப்ரவரி. கொரோனா உச்சத்தில் இருந்த சீனாவின் வூகானில், சோங்நான் மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். மூச்சுக்குத் திணறிய நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ரத்தக்குழாய் வழியாக வைட்டமின் சி. நாளுக்கு 24 கிராம், ஏழு நாட்கள். ஓர் ஆரஞ்சுப் பழத்தில் இருப்பதோ சுமார் 70 மில்லிகிராம்தான்! மற்றவர்களுக்கு மருந்தில்லாத நீர்.

தொற்று தணிந்ததால் 56 பேரே சேர்ந்தார்கள். வென்டிலேட்டர் இல்லாமல் கழிந்த நாட்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. சிறிய சோதனை என்பதால் கேள்வி நீடித்தது. 2023இல் பல நாடுகளைச் சேர்ந்த 2,500க்கும் மேற்பட்டோரின் சோதனை முடிவு வெளியானது. அதிலும் பலன் தெரியவில்லை.

பழங்களைத் தினமும் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் மூச்சுத் திணறினால் வைட்டமின் சி மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.