வகுப்பறையும் யந்திரமும்

(பண்பொழியில் ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் சார்பில் பேசியது)



நாளை உபாத்தியாயராகப் போகும் நாங்கள் வகுப்பில் யந்திரம் வருவதை ஆட்சேபிக்கிறவர்களல்ல. ஆனால் 2020-ல் கொரோனாவினால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது நடந்ததென்ன? கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிற்று. பிள்ளையின் சந்தேகத்துக்கு அந்தப் பெட்டி பதில் சொல்லவில்லை. கைப்பேசி உள்ள வீட்டில் வாத்தியார் கிடைத்தார். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் கூலிவேலைக்குப் போனார்கள். படிப்பு இன்னாருக்குத்தான் என்ற பழைய ஏற்பாடு யந்திரத்தின் பேரால் மறுபடியும் நுழைய இடங்கொடுக்கலாமா? 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆட்கள் தெருத்தெருவாகப் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயம். நம் ஊரில் ஆனி, ஆடியில் சாரல் ஏன் என்றால் திருமலைக் குமரன் அருள் என்பார்கள். கைப்பேசி, தென்மேற்குப் பருவக்காற்று என்கிறது. இது சரியான பதில்தான். ஆனால் யோசியாமல் எழுதினால் இதுவும் மனப்பாடந்தானே! ஜன்னலைத் திறந்து, செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் மேகம் நுழைவதைக் காட்டி, அதே மேகம் சங்கரன்கோவிலில் ஏன் இவ்வளவு பெய்வதில்லை என்று கேட்கிற வேலை எங்களுடையது.

அப்படிப் பழகின பிள்ளை வீட்டிலும் ஏன், எதற்கு என்று கேட்கும். தயவுசெய்து அதட்டாதீர்கள்.