வீட்டு விஷயமும் நாட்டு விஷயமும்

(தோட்டத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020 ஜனவரியில் நாடு முழுக்க ஒரே பேச்சு: ரஞ்சன் ராமநாயக்கவின் தொலைபேசி ஒலிப்பதிவுகள். பொலிஸார் அவரைக் கைது செய்த சில நாட்களில் அவை வெளியே கசிந்தன. நீதிபதிகளோடும் பொலிஸ் உயரதிகாரியோடும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் பேசியது அவற்றில் இருந்தது. அது நாட்டு விஷயம். வழக்கென்று நீதிமன்றப் படியேறும் ஏழைக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப ஓடியது பெண்களோடு பேசிய பேச்சு. அரசியலோடு சம்பந்தமே இல்லாத பெண்களின் குரலையும் ஊரே கேட்டுச் சிரித்தது.

அதே மாதம் பொங்கல் நேரத்தில் நமக்கும் ஒரு செய்தி வந்தது. மார்ச் 1 முதல் நாட்சம்பளம் 1000 ரூபா என்றார் ஜனாதிபதி. அப்போது அடிப்படைச் சம்பளம் 700. மீதியைக் கம்பனி தருமா, அரசாங்கம் தருமா? எத்தனை கிலோ கொழுந்துக்கு முழுப்பேர், எத்தனைக்கு அரைப்பேர்? நாளுக்கு நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. மார்ச் வந்தது, போனது. 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை வழியாக 900 சம்பளமும் 100 படியும் வர்த்தமானியில் ஏறின. முழுதாக ஒரு வருடம்! கிசுகிசு விற்கும், கிலோக் கணக்கு விற்காது போலும்.

"அப்படியானால் அரசியல்வாதியின் வீட்டுக்குள் எட்டியே பார்க்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். டயகமவை நினையுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் றிஷாட் பதியுதீனின் கொழும்பு வீட்டில் வேலைக்கு நின்ற நம் 16 வயதுப் பிள்ளை, 2021 ஜூலையில் தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அது யாருடைய சொந்த விஷயமும் இல்லை. யார் கூட்டிப்போனது? சம்பளம் யார் கைக்குப் போனது? லயத்துப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை? மாதக்கணக்கில் எழுதவேண்டிய சங்கதி. வந்ததோ பக்கம் நிறையப் பிள்ளையின் படமும், பிரேதப் பரிசோதனை விவரமும். இறந்த பிள்ளைக்கு மானம் இல்லையா? கொஞ்ச நாளில் கமெரா வேறு பக்கம் திரும்பிவிட்டது.

தோட்டத்துக்குச் செய்தியாளர் வந்தால் பயப்படாமல் பேசுங்கள். பிள்ளையின் படம் கேட்டால் மட்டும் கொடுக்குமுன் தலைவியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்திரிகையில் தவறாக வந்தால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். பத்திரிகைத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.