அழுகைக்கும் ஒரு பருவம் உண்டு
(தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



கைக்குழந்தைகள் பெரியவர்களின் கையாலேயே மாண்டுபோகும் கொடுமையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். கேட்கக் கசக்கும் செய்திதான். எனினும் பேசாதிருக்க இயலவில்லை.

இத்தகைய மரணங்கள் எந்தக் காலத்தில் மிகுகின்றன என மேல்நாட்டு மருத்துவர்கள் மாதவாரியாகக் கணக்கிட்டனர். ஓர் ஆய்வில் தென்பட்ட பருவ வேறுபாடு மற்றோர் ஆய்வில் தென்படவில்லை. மழை விடாது பெய்து, பால்வெட்டு நின்று, கூலி குறைந்து, எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்களில் சினம் மூளுவதை நாம் அறிவோம். ஆயினும் மழையின்மீது பழியைப் போட நான் உடன்படேன்.

ஆய்வுகள் தெளிவாகக் காட்டும் பருவம் நாள்காட்டியில் இல்லை. குழந்தையின் வயதில் உள்ளது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு குறித்து வைக்கச் செய்தார். இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் அழுத குழந்தைகள், ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. பின்னர் அழுகை தணிந்தது. அதுவும் மாலையிலேதான் மிகுதி. நாம் களைத்து உட்காரும் அதே வேளை! பால் கொடுத்தாலும் துணி மாற்றினாலும் நிற்காது. காய்ச்சலும் வாந்தியும் இல்லையெனில் அது பெரும்பாலும் நோயன்று, தாயின் குறையுமன்று.

குழந்தையை உலுக்குவதால் நேரும் மரணங்கள் இந்த அழுகைக் காலத்தை ஒட்டியே மிகுகின்றன. “அடிக்கவில்லை, சற்று உலுக்கினேன்” என்பர். குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரிது, கழுத்தோ வலுவற்றது. உலுக்கும்போது மூளை மண்டையோட்டினுள் அலைக்கழிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுகின்றன. வெளியே ஒரு கீறலும் தெரியாமலிருக்கலாம். பிழைத்த குழந்தைக்கும் பார்வை போகலாம், வலிப்பு தொடரலாம். உலுக்கியோரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால், தந்தையருக்கே இதை முதலில் சொல்கிறேன்.

பொறுமை எல்லை கடக்கிறதா? குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, ஐந்து நிமிடம் வாசலுக்கு வாருங்கள். அழட்டும். அடுத்த வீட்டு அக்காளை அழையுங்கள். கூப்பிடு தூரத்தில் ஆளிருப்பது லயத்தின் வசதி. நகரத்து அடுக்குமாடியில் அது எளிதிற் கிட்டாது.

2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், வதைப்போருக்கு 20 ஆண்டு வரை சிறையும் 50,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. அந்த அச்சத்தால் உண்மையை மறைத்துவிடாதீர்கள். குழந்தை துவண்டு, பாலருந்தாது, மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உலுக்கியது தெரிந்தால்தான் மருத்துவர் தலைக்குள் என்ன நேர்ந்ததென்று விரைந்து ஆராய்வார். அயலில் ஒரு குழந்தை துன்புறக் கண்டால் 15999 என்ற எண்ணுக்குத் தொலைபேசுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.