கூரை மேல் சுமை: பட்டறைக்குப் போகும் முன் ஒரு கணக்கு



பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. வாசலில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. தைப்பூசம் வந்தால் நண்பர்களோடு சேர்ந்து தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். டுரியான் காலத்தில் பாலிக் புலாவிலுள்ள உறவினர் தோட்டத்துக்குப் போய்வருவார்கள். இந்த ஆண்டு வீட்டுக்காரருக்கு ஓர் ஆசை. வண்டிக்கு ரூஃப் ரேக் போட வேண்டும்.

“ஏங்க, அது எதுக்கு?” என்று மனைவி கேட்கிறார்.

“சாமான் எல்லாம் மேல போயிடும். பிள்ளைங்க காலை நீட்டி உட்காரலாம். பாக்கவும் கம்பீரமா இருக்கும்.”

“கம்பீரம் இருக்கட்டும். அத்தையும் பிள்ளைகளும் பின்னாடிதானே உட்காருவாங்க. அந்த மலை வளைவுல வண்டி ஆடாதா?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ரேக் போடலாமா என்று யோசிக்கும் பலர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. விலையைக் கேட்கிறார்கள், நிறத்தைக் கேட்கிறார்கள், நேராகப் பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். இன்றைய உரை அந்த மனைவியின் கேள்வியைப் பற்றியதுதான்.

ரூஃப் ரேக் மீது இத்தனை மோகம் ஏன்? காரணம் இருக்கிறது. 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் மலாயா வழியாகச் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். 1993-ல் கேமல் டிராபி பயணம் நமது சபா காடுகளில் நடந்தது. 1997 முதல் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி மலேசியக் காடுகளைக் கலக்கியது. இத்தகைய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கூரையில் சுமை இல்லாத ஃபோர் வீல் வண்டி அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் காட்டில் பல நாள் தங்கப் போகிறவனுக்கு எரிபொருளும் உணவும் கூடாரமும் கூடவே வர வேண்டும். வழியில் கடை கிடையாது. ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகிறவருக்கு அந்த நிலைமை இல்லையே!

சரி, கணக்குக்கு வருவோம். முதலாவது, எடைக் கணக்கு.

ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் கூரை எவ்வளவு தாங்கும் என்று ஓர் எண் இருக்கும். அது வண்டிக்கு வண்டி மாறும். சுசுகி ஜிம்னிக்கு அந்த எண் வெறும் 30 கிலோ. புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 168 கிலோ. இரண்டும் காட்டுக்கென்றே செய்யப்பட்ட வண்டிகள்தாம். ஆனால் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! அந்த எண்ணில் ரேக்கின் சொந்த எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரை 75 கிலோ தாங்கும், இரும்பு ரேக் 35 கிலோ என்றால் மிச்சம் 40 கிலோதான். இருபது லிட்டர் தண்ணீர்க் கலன் இரண்டு வைத்தால் கணக்கு முடிந்தது. அதற்கு மேல் ஒரு நாற்காலிகூட ஏற்ற முடியாது.

“கூரை மேலேயே கூடாரம் அடித்து இரண்டு பேர் தூங்குகிறார்களே?” என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. வண்டி நிற்கும்போது கூரை தாங்கும் எடை வேறு, ஓடும்போது தாங்கும் எடை வேறு. அதே டிஃபெண்டருக்கு நிற்கும்போது 300 கிலோ வரை அனுமதி உண்டு. வண்டி ஓடும்போது பள்ளம், மேடு, பிரேக், வளைவு எல்லாம் அந்தச் சுமையைப் பிடித்து உலுக்குகின்றன. கரடுமுரடான பாதையில் இன்னும் குறைவாக ஏற்றுவதே புத்திசாலித்தனம்.

இப்போது மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். எளிய கணக்கு ஒன்று. வண்டியின் எடை 2,000 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 190 சென்டிமீட்டர் உயரத்தில், கூரை மேல், 100 கிலோ ஏற்றினால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் மேலே போகிறது. அதே 100 கிலோவை வண்டிக்குள் தரையில் வைத்தால் அது மேலே போவதே இல்லை, சற்றுக் கீழேகூட இறங்கும். சுமை ஒன்றுதான், வைக்கும் இடம்தான் வேறு.

ஆறு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். துன் சார்டோன் சாலையிலும், தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாகப் போகும் சாலையிலும் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே வளைவுக்குப் பஞ்சமில்லை. மழையில் நனைந்த இறக்கம், எதிரே ஒரு மோட்டார் சைக்கிள், சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டிய ஒரு விநாடி. உயரமான வண்டி கவிழுமா நிற்குமா என்பது அந்த ஒரு விநாடியில்தான் முடிவாகிறது. பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் இருக்கும்போது அந்த ஆறு சென்டிமீட்டர் சின்ன விஷயமா?

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். நம் ரேக்கில் ஏறுவதோ மயிலிறகு அல்ல, அண்டாவும் தண்ணீர்க் கலனும்!

இரண்டாவது, உயரக் கணக்கு. டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டி ஏற்கெனவே 1.8 மீட்டரை ஒட்டிய உயரம். ரேக்கும் அதன் மேல் ஒரு பெட்டியும் சேர்ந்தால் 2.2 மீட்டரைத் தாண்டிவிடும். ஜோர்ஜ்டவுனில் பேரங்காடியின் அடுக்குக் கார் நிறுத்துமிடத்தில் நுழையும் முன் மேலே தொங்கும் கம்பியில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ரேக் போட்டதை மறந்து உள்ளே நுழைந்தால், சத்தம் கேட்ட பிறகுதான் ஞாபகம் வரும். புதிய உயரத்தை அளந்து ஒரு துண்டுத் தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது, காசுக் கணக்கு. ரேக்கின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. கூரை மேல் பெரிய பெட்டி இருந்தால் நகரச் சாலையில் 2 முதல் 8 விழுக்காடும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடும் எரிபொருள் சிக்கனம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. மிக வேகமாக ஓட்டினால் 25 விழுக்காடு வரைகூடப் போகுமாம். அதே சுமையை வண்டியின் பின்புறம் மாட்டினால் இழப்பு 5 விழுக்காட்டைத் தாண்டாது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விலையில் 70 லிட்டர் தொட்டியை நிரப்ப 234 வெள்ளிக்கு மேல் ஆகும். அதில் பத்து விழுக்காடு காற்றோடு போனால், ஒவ்வொரு முறையும் 23 வெள்ளி நஷ்டம். ஆண்டில் இரண்டு முறை சாமான் ஏற்றுவதற்காக ஆண்டு முழுவதும் இந்தத் தண்டம் கட்ட வேண்டுமா?

நான்காவது, சட்டக் கணக்கு. வண்டியின் அமைப்பை மாற்றும் எந்த வேலையாக இருந்தாலும், பட்டறைக்காரர் “ஒன்றும் ஆகாது” என்று சொன்னார் என்பது போதாது. ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் ரேக்கே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. அடிக்கடி காட்டுக்குப் போய் முகாம் போடுகிறவருக்கும், தொழிலுக்காக ஏணியோ குழாயோ ஏற்றுகிறவருக்கும் அது தேவைதான். அவர்கள் தங்கள் வண்டிக்கென்றே செய்த அலுமினிய ரேக்கைப் பார்ப்பது நல்லது. பழைய வண்டிகளில் மழைநீர் வழியும் விளிம்பு இருக்கும், அதில் ரேக்கைக் கவ்வவிட்டார்கள். புதிய வண்டிகளில் பெரும்பாலும் அந்த விளிம்பு இல்லை. அதற்காகக் கூரையில் ஓட்டை போட்டால், பினாங்கின் மழையும் உப்புக் காற்றும் அந்த ஓட்டை வழியே துருவைக் கொண்டுவரும். பிக்அப் வைத்திருப்பவர்களுக்கோ பின்னால் ஒரு தொட்டியே இருக்கிறது. அதை நிரப்பாமல் தலைக்கு மேல் ஏற்றுவானேன்?

ஆயர் ஈத்தாம் குடும்பம் என்ன செய்யலாம்? கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்து, ஆண்டில் எத்தனை நாள் சாமான் ஏற்றுகிறோம், எது கனம், எது லேசு என்று எழுதிப் பார்க்கட்டும். இரண்டோ மூன்றோ நாள்தான் என்று தெரிந்தால், கழற்றி மாட்டக்கூடிய இரண்டு குறுக்குக் கம்பிகள் போதும். கூடாரத் துணி, பாய், காலிக் கூடை போன்ற லேசானவை மேலே. அண்டா, அரிசி, தண்ணீர் எல்லாம் கீழே, அல்லது நண்பரின் லோரியில். பட்டையை இறுக்கிக் கட்டி, சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். பூசம் முடிந்ததும் கம்பியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட வேண்டும்.

வண்டியின் கம்பீரத்தைத் தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிடம் பார்ப்பார்கள். வளைவில் வண்டி ஆடினால் பயப்படுவது பின்னால் இருக்கும் அம்மாவும் பிள்ளைகளும்தான். பட்டறைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.